எட்டு முகவரி, ஒரு பிணம்!

போட்டோவில் இருந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப் போயிருந்தார்.

மடியில் மாத்திரை அட்டை. 'நலமருந்து' முத்திரை!

"சுண்ணாம்பும்மா!" இன்ஸ்பெக்டர் முதலாளியின் மேஜையை அறைந்தார். "இதய மாத்திரைன்னு சுண்ணாம்பு அனுப்பிருக்கீங்க!"

மருந்துக் கம்பெனியின் வெப்சைட் இன்ஜினியருக்குக் காது மடல் சிவந்தது.

"எங்க சைட் இல்ல சார்! அவர் ஆர்டர் பண்ணது 'நலமருந்துக்கு'ங்கிற வெப் முகவரியில. எங்களோடது வெறும் 'நலமருந்து'!"

"ஒரு 'க்கு'தானே?"

"நமக்கு அது வேற்றுமை உருபு. கம்ப்யூட்டருக்கு வேற வீடு! பஸ் முதுகுல பூரா 'நலமருந்துக்கு வாங்க'ன்னு விளம்பரம். ஜனங்க பார்த்ததை அப்படியே டைப் பண்றாங்க. எவனோ அதை வாங்கி வச்சிருக்கான்!"

"நீங்க ஏன் வாங்கலை?"

அவள் முதலாளியைப் பார்த்தாள். அவர் தலைக்கு மேல் 'மொழிக் காவலர்' ஷீல்டு பளபளத்தது. ஷீல்டுக்கான செலவும் கம்பெனியுடையதுதான்.

"எட்டு வேற்றுமைக்கும் எட்டு முகவரி வாங்கிடலாம்னு மூணு தடவை கெஞ்சினேன் சார்!"

"தாய்மொழிக்கு வால் ஒட்டச் சொல்றியா?" முதலாளி கர்ஜித்தார். "இன்ஸ்பெக்டர், இந்த எட்டுக் கணக்கு தெரிஞ்சவ இவ ஒருத்திதான். தூக்கி உள்ளே போடுங்க!"

கைவிலங்கு குலுங்கியது.

செய்தவர் யாரோ... ஜெயிலுக்கு அவளா?

"ஒரே நிமிஷம்!" லேப்டாப்பைத் திறந்தாள். "போன வருஷம் முகவரி ரினியூவலைக் கோட்டை விட்டு எங்க சைட் ரெண்டு நாள் படுத்துருச்சு. அதுலேர்ந்து முதலாளி சாருக்கு ஒரு பயம். எந்த முகவரி வாங்கினாலும் அவர் நம்பரைத்தான் கொடுக்கணும். அந்தப் பழக்கம் லேசுல விடாது!"

முகவரி விற்ற நிறுவனத்தின் பக்கம் திறந்தது. 'நலமருந்துக்கு' என்று அடித்தாள். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?'வை அழுத்தினாள்.

"ஏய்! என்ன பண்றே?" முதலாளி பாய்ந்து எழுந்தார்.

"உரிமையாளர் போனுக்கு ரகசிய எண் அனுப்பச் சொல்றேன் சார்... ஏன் வேர்க்குது உங்களுக்கு?"

ஒரு நொடி...

இரண்டு நொடி...

டிங்!

சத்தம் முதலாளியின் சட்டைப் பையிலிருந்து வந்தது!

இன்ஸ்பெக்டர் போனைப் பிடுங்கினார். 'நலமருந்துக்கு கணக்கை மீட்க உங்கள் எண்...'

"பாவி! மூணு தடவை ஐடியா கொடுத்தது நானு. அதை வாங்கி ஒரு மனுஷனைக் கொன்னது நீ!" அவள் லேப்டாப்பை அறைந்து மூடினாள்.

விலங்கு முதலாளியின் கையில் ஏறியது.

"என்னை எங்கே கூட்டிட்டுப் போறீங்க?"

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

"புது முகவரிக்கு சார். கவலைப்படாதீங்க... ரினியூவலை கோர்ட்டே பார்த்துக்கும்!"