பூட்டுக்குத் தெரிந்த சட்டம்

பேருந்து மின்னூட்டு நிலைய வளைவைத் தாண்டியதும் பயணிகளின் பைகளுக்குள் ஒரே நேரத்தில் ‘டிக்’ என்று கேட்டது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் “சே, அதுக்குள்ள வந்திருச்சா” என்று முனகிவிட்டு, கையில் திடீரெனத் தளர்ந்துபோன கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டாள். அரை கிலோமீட்டர் கழித்து மறுபடியும் ‘டிக்’. அவள் சிரித்துக்கொண்டே கத்தியை வெளியே எடுத்தாள். இப்போது அது விறைத்து நின்றது.

மகிழினியின் கைப்பையில் இருந்த மடக்குக்கத்தி மட்டும் இரண்டு முறையும் சத்தம் போடவில்லை. அதன் பூட்டின் முள்ளை நேற்று அவளே அரத்தால் ராவி எடுத்திருந்தாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பூட்டை வடிவமைத்தவளும் அவள்தான்.

அந்தக் கடற்கரையில் மாநிலத்தின் ஊர்களும், ஒன்றியப் பகுதியின், அதாவது யூனியன் பிரதேசத்தின், ஊர்களும் தாயக்கட்டம் போல மாறி மாறிக் கிடந்தன. ஒரே தெருவில் இடதுபக்க வீடுகளுக்கு ஒரு சட்டம், வலதுபக்க வீடுகளுக்கு வேறொன்று. மடக்குக்கத்தி விஷயத்தில் இந்த வேறுபாடு முழுமையானது. மாநிலச் சட்டம் சொன்னது: விரித்த கத்தி நிலைத்து நிற்கக் கூடாது, நின்றால் அது ஆயுதம். ஒன்றியப் பகுதியின் சட்டம் சொன்னது: விரித்த கத்தி நிலைத்து நின்றே ஆக வேண்டும், நிற்காவிட்டால் அது மடங்கி உழைப்பவரின் விரலை வெட்டும். இரண்டிலும் நியாயம் இருந்தது. இவற்றுக்கு மேல், பள்ளிகள், காவல் நிலையங்கள், திருவிழாக் கூட்டங்கள் இருக்கும் இடங்களில் உள்ளாட்சிகள் கத்தியே ஆகாது என்றன.

இத்தனையும் தெரியாமல் மகிழினியின் தம்பி அஞ்சப்பன் பத்தொன்பது வயதில் இதே வழித்தடத்தில் பிடிபட்டான். இடுப்பில், விரித்தால் நிலைத்து நிற்கும் மீன்பிடிக் கத்தி. ஏறிய ஊரில் அது கட்டாயம். இறங்கிய ஊரில் அது குற்றம். பதினோரு நாள் சிறையில் இருந்தான். பன்னிரண்டாம் நாள் நீதிபதி அவனை அருகில் அழைத்து, “உள்ளங்கையைக் காட்டுப்பா” என்றார். கயிறு அறுத்த தழும்புகளைப் பார்த்தார். “இவன் கத்தி இல்லாமல் எப்படிக் கடலுக்குப் போவான்?” என்று கேட்டு விடுவித்தார்.

அன்று மாலை மகிழினி தாளை விரித்துக் கட்டம் போட்டு, எந்த ஊரில் எந்தச் சட்டம் என்று அவனுக்கு விளக்க ஆரம்பித்தாள். விளக்குவது அவளுக்கு இனிப்புச் சாப்பிடுவது மாதிரி. மூன்றாவது கட்டத்திலேயே அவன் கொட்டாவி விட்டான்.

“யக்கா, எனக்கு எதுக்கு இதெல்லாம்? கையெழுத்துப் போடவே எனக்கு நாக்குத் தள்ளுது. கத்திக்கே சொல்லிக் குடுத்துடேன். அது படிச்சுக்கட்டும்.”

அவன் கேலியாகத்தான் சொன்னான். அவள் அன்று தூங்கவில்லை.

எல்லைப்பூட்டு உண்மையில் எளிய பொருள். கத்தியின் கீலுக்குள் அரிசிமணி அளவில் ஒரு சில்லு. அது செயற்கைக்கோள்களின் குரலைக் கேட்டுத் தான் இருக்கும் இடத்தை அறியும். பிறகு விதிப்படத்தைப் பார்க்கும். விதிப்படம் என்பது நாட்டின் ஒவ்வொரு அடி நிலத்தின் மீதும் அந்த இடத்துக்குரிய சட்டத்தை எழுதி வைத்த வரைபடம். சட்டத்துக்கு ஏற்ப, மயிரளவு முள் ஒன்று நகரும். முள் முன்னால் இருந்தால் அலகு விறைத்து நிற்கும். நடுவில் இருந்தால் தளர்ந்து இருக்கும். பின்னால் போனால் திறக்கவே திறக்காது. கைப்பிடியில் ஒரு புள்ளி, கத்தி திறக்குமென்றால் பச்சையாகவும் திறக்காதென்றால் சிவப்பாகவும் ஒளிரும்.

ஐந்தே ஆண்டுகளில் பூட்டில்லாத கத்தி கடைகளில் கிடைக்காமல் போயிற்று. கத்திக்காகக் கைதாவது நின்றுபோயிற்று. “பதினோரு நாள் கழித்து வரும் நியாயம் எதற்கு? குற்றமே நடக்காதபடி முன்கூட்டியே வரட்டும்” என்று மகிழினி ஒரு விழாவில் பேசினாள். முதல் வரிசையில் அஞ்சப்பன் மிக ஓங்கிக் கைதட்டினான். முதல் பூட்டுக்கத்தியை அவள் அவனுக்குத்தான் கொடுத்திருந்தாள்.

விதிப்படத்தில் மகிழினி தன் கையால் எழுதிய இரண்டு வரிகள் இருந்தன. எல்லையில் குந்தியிருந்த ஒரு தேநீர்க் கடையை நினைத்து எழுதியவை. ‘ஓரிடத்தை இரண்டு அரசுகள் தமதென்றால், இரண்டின் சட்டத்தையும் மதி. இரண்டையும் ஒருசேர மதிக்க வழியில்லை என்றால், பூட்டு.’ சந்தேகம் வந்தால் கத்தி மூடியிருப்பதே அதன் சொந்தக்காரனுக்குப் பாதுகாப்பு என்று அவள் நம்பினாள். சிறைக் கம்பிக்குப் பின்னால் தம்பி நின்ற கோலம்தான் அப்போது அவள் கண்முன் இருந்தது.

கடலை அவள் நினைக்கவில்லை.

கரையில் எல்லைக்கல் ஒன்றுதான். ஆனால் அங்கிருந்து கடலுக்குள் போகும் கோட்டை, மாநிலம் நேர்கிழக்காக வரைந்திருந்தது. ஒன்றியப் பகுதி கரைக்குச் செங்குத்தாக, சற்று வடக்கே சாய்த்து வரைந்திருந்தது. கரையில் ஒன்றாக இருந்த கோடுகள் போகப் போக விலகின. எட்டாவது கிலோமீட்டரில் நடுவே அரை கிலோமீட்டர் அகலத்துக்கு, இரண்டு அரசுகளும் தமதென்ற ஓர் ஆப்பு. அந்த ஆப்புக்குள் கத்தி நிலைத்து நிற்கவும் வேண்டும், நிற்கவும் கூடாது.

மாசி மாதத்துக் காலை ஒன்றில் அஞ்சப்பனும் அவன் கூட்டாளி கபிலனும் அங்கே வலை விட்டுக்கொண்டிருந்தார்கள். கல் கட்டிய வலைக்கயிறு ஓடும்போது அஞ்சப்பனின் கணுக்காலில் சுருக்கு விழுந்தது. இது நடக்கக்கூடியதுதான். இதற்காகத்தான் வலை விடுகிறவர்கள் எல்லாரும் இடுப்பில் கத்தி வைத்திருக்கிறார்கள். ஒரே வெட்டு, அவ்வளவுதான். விழுகிற கணத்தில் அவன் கை கத்தியில் இருந்தது என்று கபிலன் சொன்னான்.

“என் கத்தியும் தொறக்கலக்கா. சிவப்பு. கயித்தப் புடிச்சு இழுத்தேன், கல்லு எல்லாம் கீழ போயிடுச்சு. பல்லால கடிச்சேன்.” அவன் உதடு கிழிந்து வீங்கியிருந்தது. “அவன் கீழ தெரிஞ்சான்க்கா. தண்ணி அன்னிக்கு ரொம்பத் தெளிவு.”

பூட்டு ஒவ்வொரு அழுத்தத்தையும் குறித்துவைக்கும். மகிழினி அதைப் படித்தாள். நான்கு நிமிடங்களில் நாற்பத்தொரு முறை அஞ்சப்பனின் கட்டைவிரல் அழுத்தியிருந்தது. முதல் முப்பது முறை வேகமாக. பிறகு இடைவெளி விட்டு. செயற்கைக்கோள்களின் குரல் நீருக்குள் எட்டாது. கடைசியாக மேலே கேட்ட இடத்தையே பூட்டு நம்பிக்கொண்டிருக்கும். அப்படித்தான் அவள் வடிவமைத்திருந்தாள். உடலைக் கொண்டுவந்து கரையில் கிடத்தியபோது, மூடிய அவன் கைக்குள் அந்தப் புள்ளி பச்சையாக மாறியது.

பழைய காலமாக இருந்தால் அவன் கயிற்றை அறுத்துக்கொண்டு மேலே வந்திருப்பான். கூடிப்போனால் யாராவது வழக்குப் போட்டிருப்பார்கள். பதினோரு நாள். பிறகு ஒரு மனிதர் அவன் உள்ளங்கையைப் பார்த்திருப்பார். மீறுவதற்கும் தண்டிப்பதற்கும் நடுவே சட்டம் எப்போதும் அந்தப் பதினோரு நாளை வைத்திருந்தது. அதைத்தான் அவள் வீணான நேரம் என்று நினைத்து நீக்கியிருந்தாள்.

அந்த இரண்டு வரிகளை உடனே அழிக்க வேண்டும் என்று விதிப்படக் குழுவுக்கு எழுதினாள். விதிப்படம் இப்போது அவள் கையில் இல்லை. இரு அரசுகளும் கையெழுத்திட்ட ஆவணம் அது. பதில் மரியாதையாக வந்தது. பூட்டு பிழையின்றி இயங்கியுள்ளது. சட்டம் எங்கும் மீறப்படவில்லை. மீறல் இல்லாததால் விசாரணைக்கு இடமில்லை. நீதிமன்றத்திலும் அதையே சொன்னார்கள்: வழக்கு இருந்தால்தான் விதியைக் கேள்வி கேட்க முடியும், யாராவது சட்டத்தை மீறினால்தான் வழக்கு. எல்லைப்பூட்டு வந்தபின் யாராலும் மீற முடியவில்லை.

அதனால்தான் அரம்.

காவல் நிலைய நிறுத்தத்தில் அவள் பேருந்தை விட்டு இறங்கினாள். மாநிலத்தின் நிலம் அது. நிலைத்து நிற்கும் கத்தி இங்கே குற்றம். காவல் நிலைய வளாகத்தில் திறந்த கத்தி இன்னொரு குற்றம். பூட்டைச் சிதைத்தது மூன்றாவது. மூன்றையும் அவள் எண்ணி வைத்திருந்தாள். ஒரு நீதிபதி முன்னால் நிற்க ஒன்று போதும்.

முன்மேசையில் ஹரிணி என்ற இளம் காவலர், கயிறு இறுக்கிக் கட்டிய ஒரு பெரிய மூட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மகிழினி கத்தியை விரித்து மேசைமேல் வைத்தாள்.

“என்னைக் கைது பண்ணுங்க.”

ஹரிணி கத்தியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். “எதுக்கு மேடம்? யாரையாவது குத்திட்டீங்களா?”

“இல்ல. இந்தக் கத்தி இங்க திறந்திருக்கக் கூடாது. சட்டப்படி தப்பு.”

“திறந்துதானே இருக்கு?”

“ஆமா. அதான் தப்பு.”

“தப்புன்னா திறக்காது மேடம்.” ஹரிணி ஒரு குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். “திறந்திருக்குன்னா சரின்னுதான் அர்த்தம்.”

“பூட்டை நான் ராவிட்டேன். பாருங்க, முள் இல்ல. மாநிலச் சட்டத்துல என்ன எழுதியிருக்குன்னு எடுத்துப் பாருங்கம்மா.”

“அதெல்லாம் இங்க யாரு வெச்சிருக்காங்க? எங்க பயிற்சியிலயே அந்தப் பாடத்தை எடுத்துட்டாங்களே. பூட்டு பாத்துக்கும்னு.” அவள் உள்ளே திரும்பி, “சார், இங்க ஒரு அம்மா கத்தியோட வந்து கைது பண்ணச் சொல்றாங்க” என்று குரல் கொடுத்தாள்.

உள்ளிருந்து ஆய்வாளர் தேநீர்க் கோப்பையோடு எட்டிப் பார்த்தார். “திறக்குதா?”

“திறக்குது சார்.”

“அப்புறம் என்ன? விதிவிலக்கு வாங்கியிருப்பாங்க. உட்கார வெச்சுத் தண்ணி குடு.”

“விலக்கு இல்லைங்க” என்றாள் மகிழினி. “அது என் தம்பி கத்தி. திறக்க வேண்டிய எடத்துல திறக்கல. இங்க திறக்கக் கூடாது, திறந்திருக்கு. தயவுசெஞ்சு வழக்குப் போடுங்க. நான் ஒரு நீதிபதிகிட்டப் பேசணும்.”

ஆய்வாளர் கோப்பையை வைத்துவிட்டு வந்தார். கெட்டவர் இல்லை, அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. “அம்மா, நீங்க ராவினதாவே இருக்கட்டும், நான் வழக்குப் போட்டா பூட்டு தப்பு பண்ணிடுச்சுன்னு நானே எழுதின மாதிரி ஆயிடும். பூட்டைவிட எனக்குச் சட்டம் தெரியும்னு நான் எப்படிச் சொல்றது? அதை யார் நம்புவா?”

“எனக்குத் தெரியும். எனக்கு ஒவ்வொரு வரியும் தெரியும்.”

“உங்களுக்கு மட்டும் தெரிஞ்சா அது சட்டம் இல்லையேம்மா” என்றார் அவர் மெதுவாக. உள்ளே போய்விட்டார்.

மகிழினி விசிப்பலகையில் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில், அவளே பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒப்புதல் கொடுத்த விளம்பரத் தாள் மங்கிப்போய் ஒட்டியிருந்தது. ‘சட்டம் தெரியாதா? கவலை வேண்டாம்.’

ஹரிணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொஞ்சம் தயங்கி நின்றாள்.

“யக்கா, தப்பா நினைக்காதீங்க. காலையிலேர்ந்து இந்த மூட்டையோட போராடுறேன். சீருடை எல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு. இங்க எங்க கத்தி எதுவும் திறக்காது. உங்களுது திறந்திருக்கே, கொஞ்சம்...”

அவள் ‘யக்கா’ என்று அழைத்தது மகிழினியின் காதில் சற்று நேரம் நின்றது. பிறகு அவள் எழுந்தாள். மேசைமேல் இருந்த கத்தியை எடுத்தாள். தம்பியின் கட்டைவிரல் தேய்த்திருந்த இடத்தில் தன் விரலை வைத்தாள். முறுக்கிய தடித்த நைலான் கயிறு. வலைக்குப் போடுகிற அதே வகை.

ஒரே இழுப்பு. கயிறு இரண்டாகி விழுந்தது.

“அட, இவ்ளோ சுலபமா!” என்றாள் ஹரிணி.