சங்கரவடிவின் தாடை ஆணி

செவ்வாய்க் கிரகத்தில் பொழுது விடிந்ததும் முதலில் வாய் திறப்பது மனிதர்களல்ல, அவரவர் ரத்தம்தான். கழுத்தெலும்புக்குக் கீழே புதைத்த குருதிச்சொல்லிக் கருவி, பல் துலக்குமுன்னே எல்லாவற்றையும் ஒப்பித்துவிடும்.

"ரத்தக் கொழுப்பு நானூற்றுப் பத்து. நேற்றைவிடக் கூடுதல்" என்றது அது.

"நாசமாப் போக!" என்றாள் சங்கரவடிவு. வாயை நன்றாகத் திறந்து திட்டவும் முடியவில்லை. கீழ்த்தாடையில் புது ஆணி இரண்டு இறக்கி நாற்பது நாள்தான் ஆகிறது.

குவிமாடத்துக்கு வெளியே வேலை செய்பவர்களின் மூச்சுக்கவசம் அந்த ஆணிகளில்தான் பூட்டும். எலும்பு ஆணியைக் கவ்விப் பிடிக்கத் தொண்ணூறு நாள் கெடு. பிடிக்காவிட்டால் அடுத்த கப்பலில் பூமிக்கு ஏற்றிவிடுவார்கள். பன்னிரண்டு வருஷமாகத் துளைபோட்டுத் தேடிய நிலத்தடி நீர் இன்னும் இருநூறே மீட்டரில் இருக்க, இப்போது போய் மூட்டை கட்டுவதா?

மருத்துவ இயந்திரம் பொறுமையாக விளக்கியது. "கொழுப்பு மிதமிஞ்சினால், எலும்பாக வேண்டிய உயிரணுக்கள்கூடக் கொழுப்பாகிவிடும். ஆணி ஆடிக்கொண்டேதான் இருக்கும். என்ன சாப்பிடுகிறீர்கள்?"

"கஞ்சியும் பருப்பும்தான். நெய் வேண்டாம்னு தினமும் சொல்லுதேனே!"

"சொல்வது சரி. உள்ளே போவது?"

அதை அவள் யோசித்ததில்லை. வாயால் மறுத்துவிட்டால் சாப்பிடாத மாதிரிதான் என்று நினைத்திருந்தாள்.

அன்று மதியம் தட்டையே பார்த்தபடி உட்கார்ந்தாள். சமையல் ரோபோவுக்குப் பந்தி என்று பெயர். பாசியிலிருந்து நெய் இறக்குவதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. "வேண்டாம்" என்றாள், ஒரு கரண்டி விழுந்தது. கையால் மறைத்தாள், விரலிடுக்கில் இன்னும் இரண்டு கரண்டி இறங்கியது.

"ஏலே, காது செவிடா உனக்கு?"

"நன்றாகக் கேட்கிறது, அம்மா. பத்து லட்சம் தமிழ் விருந்துகளைப் பார்த்துப் பழகியவன் நான். வேண்டாம் என்றவரை அங்கே யாரும் விட்டதே இல்லை. கையை வைத்து மறைத்தால் கூடுதலாகப் போடுவார்கள்."

அடப்பாவி! துளை இயந்திரத்தையே பிரித்து மாட்டியவளுக்கு இது பெரிய வித்தையா? மூன்று நாள் உட்கார்ந்து, பந்தியின் நினைவிலிருந்து அந்தப் பழக்கத்தை ஒட்டுமொத்தமாகச் சுரண்டி எடுத்தாள். அதன்பிறகு ஒருமுறை மறுத்தாலே கரண்டி திரும்பிப் போனது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் பாயசத்தைத் தொடாமல் எழுந்து வந்தாள். "எங்க சாப்பாடு இளப்பமாப் போச்சோ?" என்று அவர்கள் பேச்சை விட்டார்கள். விட்டால் விடட்டும் என்று இருந்துவிட்டாள்.

எண்பத்தொன்பதாம் நாள் தாடையை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். எலும்பு ஆணியை உடும்புப்பிடியாகப் பிடித்திருந்தது. சங்கரவடிவு ஆனந்தத்தில் அழுதேவிட்டாள்.

மறுநாளே வீட்டில் விருந்து. அவளோடு துளைபோடும் பவுலின் வந்திருந்தாள். பந்தி நெய்க் கரண்டியோடு குனிந்தது.

"எனக்கு வேண்டாம். போன வாரந்தான் ஆணி வச்சிருக்காவ. கொழுப்பு வேற ஏறிக் கெடக்கு" என்றாள் பவுலின்.

பந்தி சட்டென்று பின்வாங்கியது. சங்கரவடிவுக்கு மானமே போன மாதிரி இருந்தது.

"வீட்டுக்கு வந்த பிள்ளையக் கவனிக்கிற லெட்சணமா இது? கொண்டா இங்க!" என்று கரண்டியைப் பிடுங்கினாள்.

பவுலின் பதறிப்போய்த் தட்டின்மேல் கையை விரித்தாள். "அக்கா, சத்தியமா வேண்டாம்க்கா!"

"அட, சும்மா இரு பிள்ள. ஒரு கரண்டியில என்ன ஆயிரப்போகுது?" என்றபடி சங்கரவடிவு இரண்டு கரண்டி ஊற்றினாள்.