ஏறாமல் விட்ட படிகள்

பொடிசுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. வகுப்பில் உயரமான பெண்களில் அவளும் ஒருத்தி. ஆனாலும் வீட்டில் அவள் பொடிசுதான். அந்தப் பெயரை வைத்த அப்பா இப்போது சிறையில் இருந்தார்.

அப்பா லாரி ஓட்டுபவர். ஒரு விடியற்காலையில் ஓட்டிக்கொண்டிருந்தபோதே கண் அசந்துவிட்டார். சாலையோரம் சைக்கிளில் போன ஒருவர் இறந்துபோனார். அப்பா எதையும் மறைக்கவில்லை. தூங்கியது தன் தப்புதான் என்று நீதிமன்றத்தில் சொன்னார். தண்டனை கிடைத்தது.

சிறை ஒரு பழைய கோட்டையின் பின்பக்கம் இருந்தது. அந்தக் கோட்டையையும் அதைச் சுற்றியிருந்த பழைய நகரத்தையும் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். முன்வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பொடிசும் அம்மாவும் பின்வாசலுக்குப் போவார்கள்.

அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும், சும்மா ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்பாள் அம்மா. ஒரே ஊரை எத்தனை தடவைதான் சுற்றுவீர்கள் என்று நல்லவேளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அம்மா திருதிருவென்று விழித்திருப்பாள்.

போன தடவை நடந்ததைப் பொடிசால் மறக்க முடியவில்லை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் இவர்கள். அம்மா அழுதாள். அப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். பொடிசு இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொடுத்த கொஞ்ச நேரமும் அதிலேயே போய்விட்டது.

கடைசியில் அப்பா அம்மாவிடம் சொன்னார்: "இனிமே இவளைக் கூட்டிட்டு வராதே. இது புள்ளைங்க வர்ற இடமில்ல."

இந்த ஒரு தடவை மட்டும் என்று அழுது அடம்பிடித்துத்தான் பொடிசு இன்று வந்திருந்தாள். இன்றும் அப்படியே ஆனால், அப்பா வெளியே வரும்வரை அவரைப் பார்க்க முடியாது.

பின்வாசல் மூடியிருந்தது. உள்ளே அதிகாரிகள் வந்திருக்கிறார்களாம். சாயங்காலம் வரச் சொன்னார் காவலர். சாயங்கால மணி அடித்ததும் எல்லாரும் கிளம்பிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

அம்மா மதில் நிழலில் உட்கார்ந்துவிட்டாள். அங்கேயே பொழுதைக் கழித்துவிடுவாள் போலிருந்தது.

"அம்மா, நாம ஊர் சுத்திப் பாக்கத்தானே வந்தோம்?" என்றாள் பொடிசு. "வா, சுத்திப் பாப்போம்."

அம்மா அவளை ஒரு முறை முறைத்தாள். பிறகு புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

கோட்டையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கத் தெருக்களுக்கு வந்தார்கள். தரையெல்லாம் கல். நடந்து நடந்து வழுவழுவென்று தேய்ந்திருந்தது. ஒரு சந்தில் வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒருத்தி தன் ஜன்னலிலிருந்தே எதிர் வீட்டு ஜன்னலுக்கு உப்பு ஜாடியை நீட்டினாள். இன்னொரு வீட்டின் வாசல்கதவு பொடிசின் தலை உயரம்கூட இல்லை.

"இந்த வீட்டைக் கட்டினவங்க உன்னைவிடப் பொடிசா இருந்திருப்பாங்க போல" என்றாள் அம்மா. அவள் இப்படிப் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது.

அப்போது ஒரு சைக்கிள் மணி அடித்தது. யாரோ ஒருவர் காய்கறிப் பையை மாட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை அம்மா சுவரோடு சுவராக நின்றாள். பொடிசு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இருவரும் நடந்தார்கள்.

அடுத்த தெருவில் ஒரு பழைய பீரங்கி கிடந்தது. அதன் மேல் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். பொடிசு குனிந்து அதன் வாய்க்குள் பார்த்தாள். உள்ளே ஒரு பூனை குட்டிகளோடு படுத்திருந்தது. அது இவளைப் பார்த்துச் சீறியதில், பின்னால் துள்ளிக் குதித்துச் செருப்பை அறுத்துக்கொண்டாள். அம்மா அறுந்த வாரை ஓர் ஊக்கால் குத்தி இணைத்துக் கொடுத்தாள்.

தெரு முடிவில் மணிக்கூண்டு நின்றது. பொடிசுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நாலு பக்கமும் மூடிய வண்டியில் கொண்டுவந்ததால், அப்பா இந்த ஊரைக் கண்ணாலேயே பார்த்ததில்லை. ஒரு மணிச் சத்தம் மட்டும் உள்ளே கேட்கும் என்று எப்போதோ சொல்லியிருந்தார்.

வாசலில் உட்கார்ந்து புறாக்களைத் திட்டிக்கொண்டிருந்தவர்தான் மணிக்காரர். மேலே கடிகாரம் ஓடவில்லை. தான் பிறப்பதற்கு முன்பே அது நின்றுவிட்டதாம். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, அவரேதான் கயிற்றை இழுத்து மணி அடிக்கிறாராம்.

மேலே ஏறினால் ஊர் முழுக்கத் தெரியும், போய்ப் பார் என்றார் அவர். அம்மாவும் சரியென்றாள்.

பொடிசு முதல் படியில் கால் வைத்தாள். படிகள் இருட்டுக்குள் வளைந்து மேலே போயின. அவளுக்கு ஏற வேண்டும் போல அவ்வளவு ஆசையாக இருந்தது. சற்று நேரம் அப்படியே நின்று யோசித்தாள். பிறகு காலை எடுத்துவிட்டாள்.

"இன்னிக்கு வேண்டாம்" என்றாள்.

கால் வலிக்கிறதா என்று அம்மா கேட்டாள். அதெல்லாம் இல்லை என்றாள் பொடிசு. ஏறாமல் போகிற முதல் ஆள் நீதான் என்று மணிக்காரர் தலையைச் சொறிந்தார்.

சாயங்காலம் வலைக்கு அந்தப் பக்கம் அப்பா வந்தார். இன்னும் இளைத்திருந்தார். பொடிசைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போயிற்று. இவளை ஏன் கூட்டி வந்தாய் என்று அம்மாவிடம் கேட்டார். அம்மாவின் உதடு துடிக்க ஆரம்பித்தது.

பொடிசு முந்திக்கொண்டாள். "அப்பா, இந்த ஊர்ல பீரங்கிக்குள்ள பூனை குட்டி போட்டிருக்கு."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சுற்றிலும் எல்லாரும் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்ததால் வலையருகே வந்து காதைக் கொடுத்தார். பொடிசு எல்லாவற்றையும் சொன்னாள். ஜன்னலுக்கு ஜன்னல் போன உப்பு ஜாடி, குட்டைக் கதவு, செருப்பில் குத்திய ஊக்குவரை சொன்னாள். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மணியை ஒரு மனிதர் அடிக்கிறார் என்றதும் அப்பா நிமிர்ந்தார்.

"ஏதோ மெஷினுன்னுல்ல நினைச்சேன்" என்றார். "மேல ஏறிப் பாத்தியா? அங்கேருந்து இந்த இடம் தெரியுதா?"

"தெரியாதுப்பா. நான் ஏறல."

"ஏன்?"

"அடுத்த தடவை ஏறிப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

அப்பா வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டார். மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கண் கலங்கியது, ஆனால் இந்தத் தடவை தலை குனியவில்லை.

மணி அடித்தது. அப்பா அந்தச் சத்தம் வந்த பக்கம் திரும்பினார்.

"இப்போ காதுல பஞ்சு வெச்சிருப்பார், இல்ல?" என்றார்.

நேரம் முடிந்தது என்று காவலர் குரல் கொடுத்தார். அப்பா இரண்டடி போய்விட்டு நின்று, அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த ஊக்கு குத்திடப்போகுது. அடுத்த தடவை நல்ல செருப்பாப் போட்டு இவளைக் கூட்டிட்டு வா. படி ஏறணும்ல?"