சாகாதீங்க, சீஃப்!

தீயணைப்பு நிலையத் தலைவர் ராய் ஹாலிஸ்டர் தன் அறையில் நாற்காலியிலிருந்து சரிந்தபோது காலை மணி பத்து இருபது.

முதலில் காபிக் கோப்பை விழுந்தது.

அப்புறம் அவர்.

நூறு கிலோ உடம்பு... தரை அதிர்ந்தது!

"லொரெய்ன்... நெஞ்சு... ஆம்புலன்ஸ்..."

மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த லொரெய்ன் விஸ்நெவ்ஸ்கி பதறவில்லை. கைப்பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். நிதானமாக எழுந்தாள்.

ஐம்பத்தாறு வயது. பென்சில்வேனியாவில் ஹார்லோ க்ரீக் என்கிற சின்ன நகரத்தின் அவசர உதவி மையத்தில் இருபத்திரண்டு வருஷம் போன் எடுத்தவள். இந்த மாதிரிக் குரல்களை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். 'பயப்படாதீங்க, வண்டி கிளம்பியாச்சு' என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள்.

இன்றைக்குச் சொல்லவில்லை.

மேஜை போனை எடுத்தாள். மூன்று பட்டன்களை அழுத்தினாள். ஒரு வார்த்தை பேசாமல் ரிசீவரை அப்படியே மேஜை மேல் படுக்க வைத்தாள். கீழே கிடந்தவருக்கு அது தெரியவில்லை.

அவர் தலைமாட்டில் வந்து குந்தினாள்.

"வலிக்குதா, சீஃப்?"

"யா... யாரையாவது கூப்பிடு..."

"கீழே யாருமே இல்லையே! மூணு வண்டியும் ஸ்கூல் பயிற்சிக்குப் போயிருக்கு. நீங்கதானே அனுப்பினீங்க? நான் வர்றப்ப காது கேட்க ஆள் இருக்கக் கூடாதுன்னு!"

நிஜம்தான். பத்து நிமிஷத்துக்கு முன்னால் இதே அறையில் ராய் ஒரு காகிதத்தை அவள் பக்கம் தள்ளியிருந்தார்.

"கையெழுத்துப் போடு, லொரெய்ன். நஷ்டஈடு கேஸை வாபஸ் வாங்கிக்கோ. மேல மேல நோண்டினா, காஸ் குடிச்சிருந்தான்னு சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? செத்தவன் வந்து மறுக்கவா போறான்?"

காஸ்.

காஸிமிர் விஸ்நெவ்ஸ்கி. அவள் புருஷன். இதே நிலையத்தில் லெஃப்டினன்ட். இருபத்தொன்பது வருஷம் நெருப்போடு மல்லுக்கட்டியவன். ஏழு மாதம் முன்பு ஒரு காலை நேரம், நிலையத்தை ஒட்டியிருந்த கார்ப்பெட் கிடங்கு எரிந்த அன்று, மாரடைப்பில் போய்விட்டான்.

தீயணைப்பு வீரன் பணியில் இருக்கும்போது இதயம் நின்றால், வேலைதான் காரணம் என்று அந்த ஊர்ச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் நிரூபிக்க வேண்டியது இன்ஷூரன்ஸ் கம்பெனி. கம்பெனி நிரூபித்தது. ஒரே ஒரு சாட்சியை வைத்து!

ராய் ஹாலிஸ்டரின் அறிக்கை.

'ஏழு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து, முகம் கழுவிக்கொண்டு விஸ்நெவ்ஸ்கி போய்விட்டார். ஏழு இருபதுக்கு, தன் சொந்தக் கார் அருகே விழுந்து கிடந்தார்.'

பணியில் இல்லை. நஷ்டஈடு இல்லை. முறையான இறுதி மரியாதை இல்லை. பேக்பைப் வாத்தியம் இல்லை. கொடி இல்லை. நினைவுச் சுவரில் பெயர் இல்லை.

ஆனால் ஆஸ்பத்திரியில் காஸின் நெற்றியில் முத்தமிட்டபோது லொரெய்னின் உதட்டில் ஒட்டியது என்ன? கரி! காருக்குப் பக்கத்தில் சும்மா நின்றவன் காது மடல் வரை எப்படிக் கரி வந்தது?

"அன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று இப்போது கேட்டாள்.

"லொரெய்ன்... ப்ளீஸ்..."

"போன் உங்க கைக்கு எட்டாது. எனக்கு எட்டும். அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

ராயின் முகம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை.

"வந்தான்... எரியற கிடங்கு மாடியிலேருந்து இறங்கி வந்தான். நெஞ்சு இறுக்குது சீஃப்னான்..."

"எத்தனை மணிக்கு?"

"ஏழு அஞ்சு."

"ஷிஃப்ட் முடிஞ்சப்புறம்!"

"யாரையும் மாத்தலை... ஆள் பத்தலை. தண்ணி குடிச்சிட்டு மேல போடான்னேன்."

லொரெய்னின் விரல்கள் தரைவிரிப்பைப் பிடித்துக் கசக்கின.

"போனானா?"

"போனான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. படிக்கட்டுலயே விழுந்துட்டான். மத்தவங்க பின்பக்கம் இருந்தாங்க... நான்தான் இழுத்துட்டு வந்து கார்கிட்ட..."

"ஹெல்மெட், கோட்டெல்லாம் கழட்டிட்டு?"

கண்களை மூடித் திறந்தார். ஆமாம்!

"ஏன்?"

"ஸ்டேட் ஃபயர் கமிஷனர் போஸ்ட்... அடுத்த மாசம் ஆர்டர். நெஞ்சு வலின்னவனைத் திருப்பி அனுப்பினேன்னு தெரிஞ்சா..."

"ஒரு நாற்காலிக்காகவா?"

"இன்ஷூரன்ஸ் கம்பெனி ஆளுக்கும் தெரியும்... அன்னிக்கு நான் எழுதின ரிஜிஸ்டர் பக்கத்தைக் கிழிச்சுப் போடச் சொன்னான். நான் போடலை... லாக்கர்ல இருக்கு. அவன் என்னை மாட்டிவிட்டா... அவனையும் மாட்டிவிட..."

அத்தனையும் வந்தாயிற்று.

லொரெய்ன் எழுந்தாள். உள்ளே பொங்கியது துக்கமில்லை. ஏழு மாதமாகப் பூட்டி வைத்திருந்த வெறி!

"காஸ் எத்தனை நிமிஷம் துடிச்சான்?"

"தெரி... தெரியலை..."

"நான் உனக்கு எண்ணிச் சொல்றேன்டா. உட்கார்ந்து எண்ணிச் சொல்றேன்!"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் வாட்ச்.

ஒன்று... இரண்டு...

ராயின் வாய் திறந்தது. மூடியது. கடைசியாக ஒரு கரகரப்பு.

அப்புறம்... ஒன்றுமில்லை!

லொரெய்ன் ஒரு நீண்ட மூச்சு விட்டாள். ஏழு மாதத்தில் முதல் முறையாக நெஞ்சு நிறைய மூச்சு! ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

வெளியே அக்டோபர் வெயிலில் நினைவுச் சுவர் பளபளத்தது. கறுப்புக் கல். பணியில் இறந்தவர்களின் பெயர்கள், பொன் எழுத்தில்.

கடைசிப் பெயருக்குக் கீழே... ஒரு வரிக்கான இடம்.

லொரெய்னுக்குச் சுரீர் என்றது!

ராய் ஹாலிஸ்டர். சீருடையில். அலுவலக நேரத்தில். தன் மேஜைக்குப் பக்கத்தில். மாரடைப்பு!

பணியில் மரணம்!

சட்டம் எடுத்துக்கொள்ளும். பேக்பைப் வரும். கொடி வரும். மேயர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். செத்துப்போன வீரன் மேல் ஊரில் எவன் வழக்குப் போடுவான்? காஸுக்கு மறுத்த அந்த ஒரு வரியில்... இவன் பெயர்!

"ஐயோ! கூடாது!"

பாய்ந்தாள். முட்டி தரையில் மோதியது. இரண்டு கைகளையும் கோத்து அவர் மார்பு நடுவில் வைத்து அழுத்தினாள்.

"சாகாதே! சாகாதேடா!"

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு...

"உனக்குச் சுவர்ல இடம் கிடையாது! மூச்சு விடுடா படுபாவி!"

மளுக்! விலா எலும்பு ஒன்று உடைந்தது. அவள் நிறுத்தவில்லை.

"உனக்கு பேக்பைப் கிடையாது! கொடி கிடையாது! கோர்ட்டுதான்!"

மளுக்!

"காஸுக்கு யாருமே இப்படிச் செய்யலையேடா! நீ செஞ்சிருக்கலாமேடா!"

அப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே அழுத்தினாள். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. கண்ணீர் அவர் சட்டைப் பேட்ஜ் மேல் சொட்டியது.

பத்து நிமிஷம் கழித்து ஆம்புலன்ஸ் ஆட்கள் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோதும் அவள் அழுத்திக்கொண்டேதான் இருந்தாள். அவர்களில் ஒருவன் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தான். மின் அதிர்ச்சிப் பெட்டியைத் திறந்தான். இரண்டு தடவை அதிர்ச்சி கொடுத்தான்.

"துடிப்பு வந்துடுச்சு! எப்படிம்மா விடாம அழுத்தினீங்க? ராட்சசி மாதிரி!"

மேஜை மேல் கிடந்த ரிசீவரிலிருந்து சன்னமாக ஒரு குரல் கேட்டது.

"லொரெய்ன்... லொரெய்ன், நான் டோட்டி பேசறேன்! இருக்கியா?"

அவசர உதவி மையத்தில் பதினைந்து வருஷம் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள்!

லொரெய்ன் ரிசீவரைக் காதில் வைத்தாள்.

"இருக்கேன்டி. கேட்டுச்சா?"

"பத்து இருபதுலேருந்து ஒரு எழுத்து விடாம! யாரும் பேசலைன்னதுமே வண்டியை அனுப்பிட்டேன். ஊர்ல இருந்த ஒரே ஆம்புலன்ஸும் அந்தக் கோடியில இருந்துச்சு, அதான் லேட். எல்லாமே பதிவாகியிருக்கு. நீ திட்டினதும்தான்!"

"திட்டினதை அழிக்காதே."

அன்று மதியமே போலீஸ் லாக்கரைத் திறந்தது. உள்ளே அந்தப் பக்கம், ராயின் கையெழுத்தில்: '7.05 - விஸ்நெவ்ஸ்கி நெஞ்சு வலி என்றார். மீண்டும் மேலே அனுப்பினேன்.'

கம்பெனி ஆள் அந்த வாரமே கைதானான். கமிஷனர் நாற்காலி வேறு யாருக்கோ போனது. டிசம்பர் பனியில், நகரத்து வீரர்கள் அத்தனை பேரும் வரிசையாக நிற்க, கறுப்புக் கல்லில் காஸிமிர் விஸ்நெவ்ஸ்கியின் பெயர் ஏறியது. மடித்த கொடியை வாங்கிய லொரெய்ன், யார் முகத்தையும் பார்க்காமல் அந்தப் பெயரையே தடவிக்கொண்டிருந்தாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தாள்.

முடியவில்லை!

மார்ச் மாதம் ஒரு சம்மன் வந்தது. பிரித்துப் பார்த்தவள் சமையலறையிலேயே நின்று வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

பொய் அறிக்கை வழக்கில் ஜாமீனில் இருந்த ராய் ஹாலிஸ்டர் நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டிருந்தார்! பணியில் இருக்கும்போது மாரடைப்பு வந்ததாம்! வேலைதான் காரணமாம்! சம்பவ இடத்தில் இருந்த ஒரே சாட்சி... லொரெய்ன்!

விசாரணை அறை. ராய் இளைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். அவருடைய வக்கீல் பளபள ஷூவில் எழுந்து வந்தார்.

"மேடம், சம்பவம் நடந்தப்ப என் கட்சிக்காரர் சீருடையில இருந்தாரா?"

"இருந்தார்."

"ஆபீஸ்ல?"

"ஆபீஸ்லதான்."

வக்கீல் முகத்தில் வெளிச்சம்.

"என்ன வேலை பார்த்துட்டிருந்தார்?"

"என் புருஷன் கேஸை வாபஸ் வாங்கச் சொல்லி என்னை மிரட்டிட்டிருந்தார்."

பெண் நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

"வக்கீல் சார், அது தீயணைப்பு வேலையா?"

வக்கீல் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார். கடைசியாக ஒரு கல்லை எறிந்து பார்த்தார்.

"அது... யுவர் ஆனர், இருக்கட்டும்... மேடம்! அந்த நேரத்துல அவர் நெஞ்சு மேல தாங்க முடியாத அழுத்தம் இருந்துச்சா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க!"

லொரெய்ன் ராயைத் திரும்பிப் பார்த்தாள்.

"இருந்துச்சு சார். என் ரெண்டு கை! ரெண்டு எலும்போட நிறுத்தியிருக்க வேண்டாமோன்னு இப்பத்தான் தோணுது!"