கழித்த மண்

செங்கழனியில் பதினைந்தாவது குழியை வெட்டி முடித்ததும் காசாம்புவின் மணிக்கட்டுப் பட்டையில் பச்சை எரிந்தது. கைமெய் நூற்றுக்கு நூறு. பத்து வருஷமாக அது இறங்கவே இல்லை.

முன்பெல்லாம் மண்ணின் தரத்தை அளக்க உணர் ஊசிகளை நட்டு வைத்தார்கள். நிலக்காரர்கள் ஊசியைச் சுற்றி மட்டும் எருவைக் கொட்டி ஏமாற்றினார்கள். அதனால் நிரல்பொறி இப்போது மனிதக் கையைத்தான் நம்புகிறது. வட்டாரத்தில் எந்த ஊர் நெல் போடலாம், எந்த ஊருக்குத் தண்ணீர் முதலில், எந்த ஊரை ஆளும் பயிரும் இல்லாமல் இருபது வருஷம் உறங்கப் போட வேண்டும் என்று வரிசை கட்டுவது அந்தப் பொறி. அதற்கு மண் எடுத்துக் கொடுப்பவள் தோண்டுகாரி. ஒருத்தி எடுத்த ஊரில் இன்னொருத்தி மறுபடி எடுப்பாள். இரண்டும் ஒத்துப்போனால் அந்தக் கையின் நம்பகம், அதாவது கைமெய், ஏறும். நூறில் பத்து வருஷம் நின்ற கைக்கு மட்டும் மறுதோண்டல் கிடையாது.

மறுதோண்டல் இல்லாத அந்த நாளுக்காகத்தான் காசாம்பு பத்து வருஷமும் உண்மையாக உழைத்தாள்.

மண்ணைச் சாக்கில் கொட்டிப் பரப்பினாள். நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால்பங்கு இரண்டைக் கழித்தாள். மீதியைக் கலந்து மறுபடி நான்கு, மறுபடி கழிப்பு. கடைசியில் அரைக் கிலோ நிற்கும். அதுதான் பைக்குள் போக வேண்டியது.

"அக்கா, வெயில்ல கெடந்து சாவுறியே, இந்தா மோரக் குடி." களை எடுத்துக்கொண்டிருந்த தையல்நாயகி செம்போடு வந்தாள். "எங்க மண்ணு எப்புடி?"

"நல்ல மண்ணு" என்றாள் காசாம்பு. அது நிஜம்.

தையல்நாயகி திரும்பிப் போனதும் காசாம்பு அந்த அரைக் கிலோவையும் கழித்த குவியலிலேயே தள்ளினாள். இடுப்பிலிருந்த துணி முடிச்சை அவிழ்த்து, அதிலிருந்த வெளுத்த மண்ணைப் பைக்குள் கொட்டினாள்.

அது கோரைத்திட்டு மண். அவள் ஊர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மண் எடுக்க வந்த அதிகாரி தணிகைநாதன் வண்டியைவிட்டு இறங்கவில்லை. சேற்றில் செருப்பு நனையுமாம். தார்ச்சாலையை ஒட்டிய இறால் குட்டைக் கரையிலேயே பதினைந்து குழியும் வெட்டச் சொன்னார். கூலிக்கு வெட்டியவள் காசாம்பு.

"ஐயா, கரையோரம் எடுக்கக் கூடாதுங்களே. உப்பா இருக்கும்."

"மண்ணு எல்லாம் மண்ணுதான். பேசாம வெட்டு."

'ஊர் நடு வயல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காலத்தில் வெட்டுகிற கைக்குப் பதிவில் பேர் கிடையாது. கோரைத்திட்டு உறங்கப் போனது. இருநூற்றுப் பதினெட்டு வீட்டாரை நகரத்து அடுக்குமாடியில் ஏற்றினார்கள். அவள் புருஷன் நான்காவது மாடியில் கால் மண்ணில் படாமலே செத்தான். அன்றைக்குக் கழித்துப் போட்ட மண்ணில் ஒரு முடிச்சு மட்டும் அவளிடம் இருந்தது.

செங்கழனி தணிகைநாதனின் சொந்த ஊர். அங்கே அவருக்கு நாற்பது ஏக்கர். இப்போது அவர்தான் வட்டார நிரல் மன்றத்தின் தலைவர்.

எட்டாம் நாள் மன்றம் கூடியது. மண் எடுத்தவள் என்பதால் காசாம்புவும் ஓரமாக நின்றாள். நிரல்பொறி பேசியது.

"செங்கழனி மண்ணில் உப்பு மிகுதி. உறங்கு நிலமாகப் பரிந்துரைக்கிறேன்."

தணிகைநாதன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "உப்பா? எங்க ஊர்லயா? போன போகம் மூட்டை மூட்டையா அறுத்தோமய்யா!"

"மேலும் ஒன்று. இது பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கோரைத்திட்டு என்று பதிவான மண்ணோடு துகளுக்குத் துகள் ஒத்துப்போகிறது. இரண்டு ஊருக்கு ஒரே மண் இருக்க முடியாது. செங்கழனி மண்ணை எடுத்த கையின் மெய் நூறு. கோரைத்திட்டு மண்ணை எடுத்த கை பதிவில் இல்லை, கையெழுத்து மட்டும் இருக்கிறது. ஆகவே பழைய பதிவில் பை மாறியிருக்கிறது. கோரைத்திட்டு எழுப்பப்படும். மறுப்பு உண்டா?"

காசாம்பு இதை எதிர்பார்க்கவில்லை. தணிகைநாதனின் ஊரைச் சாகடிக்கத்தான் வந்திருந்தாள். அவள் ஊர் எழும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"இவ மாத்திப் போட்டிருக்கா!" என்று தணிகைநாதன் அவளை நோக்கி விரலை நீட்டினார்.

"மாற்றிய மண் எந்த இடத்தது என்று சொல்லுங்கள். சரிபார்க்கிறேன்."

அவர் வாயைத் திறந்தார். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் குனிந்த முதுகாக மட்டும் பார்த்த ஆள்.

காசாம்பு கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள். "சொல்லுங்கய்யா. இறால் குட்டைக் கரையில எடுத்ததுன்னு சொல்லுங்க. நடு வயல்னு நீங்க எழுதுனது பொய்யின்னு சொல்லுங்க. ஒங்க ஊரு தப்பிச்சிக்கும்."

வேண்டுமென்றே மண்ணைப் பற்றிப் பொய் எழுதியவருக்குப் பத்து வருஷம் சிறை. பை மாறியது வெறும் தவறு. அதற்குத் தண்டனை இல்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் நின்றார். அவள் அவரையே பார்த்தாள். அந்த நிமிஷத்துக்குத்தான் அவள் பத்து வருஷம் குனிந்து வெட்டியிருந்தாள். அது இனித்தது.

"மறுப்பு உண்டா?"

"இல்ல" என்றார் தணிகைநாதன்.

இது உறங்கு நிலம் என்று காட்டும் கம்பத்தை நட வேண்டியது மண் எடுத்தவளின் பொறுப்பு. பத்து நாள் கழித்துக் காசாம்பு கடப்பாரையோடு செங்கழனிக்குப் போனாள். தணிகைநாதனுக்கு நகரத்தில் தோட்டத்தோடு வீடு ஒதுக்கியிருந்தார்கள். அவர் எப்போதோ போய்விட்டார். வயலோரச் சாலையில் வரிசையாக நின்ற வண்டிகளில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் கூலிக்காரர்கள். அடுக்குமாடிக்கு.

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தையல்நாயகி வந்தாள்.

"ஏங்க்கா, நெசமாவே உப்பா? நல்ல மண்ணுன்னு சொன்னியே."

காசாம்பு கம்பத்தைக் குழிக்குள் இறக்கினாள். சுற்றிலும் மண்ணைத் தள்ளி மிதித்தாள்.

"எத்தினியாவது மாடி குடுப்பாங்க?"

"தெரியலடி."

தையல்நாயகி பெட்டியை இறக்கி வைத்தாள். அன்றைக்குக் கழித்த மண் வரப்போரம் இன்னும் குவியலாகக் கிடந்தது. அதில் ஒரு பிடி எடுத்து மோந்தாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பே இல்லை. கொஞ்ச நேரம் காசாம்புவின் மணிக்கட்டில் எரிந்த பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு கையாலும் மண்ணை அள்ளி முந்தானையில் முடிந்தாள்.

"என்னத்துக்குடி அது?"

"சும்மாதான். கெடக்கட்டும்." பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "தோண்டுற வேலைக்கு ஆளெடுக்கறாங்களாமே. எங்கக்கா பேரு குடுக்கணும்?"