தியேட்டர் சிரித்த இடம்

“அந்த வசனத்த எழுதுனவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்... முட்டிக்கு முட்டி தட்டிருவேன்!”

சுடர்விழி மழையைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் தியேட்டர் வாசலில் அவளோடு ஒதுங்கி நின்றிருந்த இளைஞன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

“எந்த... வசனங்க?”

அவன் இமை நுனியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, எதையோ சொல்ல வந்து சொல்லாமல் நிற்கிற கண்கள்...

ச்சே! இவ்வளவு கோபத்துக்கு நடுவில் இது என்ன பார்வை? தன்னையே அதட்டிக்கொண்டாள்.

“இப்பதானே படம் பாத்தீங்க? அந்தக் கறுப்புப் பொண்ணு லவ்வ சொல்ற எடம்.”

கடல் ஏறி வந்து ஊர்களையெல்லாம் விழுங்கிய பிறகு, மிஞ்சியவர்கள் தெப்பங்களில் வாழ்ந்து சண்டை பழகும் ஜப்பானிய அனிமே படம். ஜப்பானிய மொழியிலேயே அதை போனில் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தாள் சுடர்விழி. கம்பு சுற்றும் கறுப்பு நாயகி... தன் நிறத்தில், தன் கையில் இருக்கும் வித்தையோடு ஒருத்தியைத் திரையில் அவள் அதற்கு முன் பார்த்ததேயில்லை. தமிழில் வருகிறது என்றதும் ஓடி வந்தாள்.

“அதுல எல்லாரும் நல்ல தமிழ் பேசுறாங்க. அவ மட்டும் குப்பத்து பாஷை. ‘மச்சான், ஒன் மேல லவ்ஸு கீது’ன்னு அவ அழுவுறா, தியேட்டரே சிரிக்குது! ஜப்பான்காரன் குடுத்த மரியாதைய நம்ம ஆளு புடுங்கிட்டான். நான் சுடர்விழி, வைத்திக்குப்பங்க. எங்க வீட்ல காலேஜ் போன மொத ஆளு. ஆனா இப்பவும் கோவத்துக்கும் அழுகைக்கும் எனக்கு அந்தப் பேச்சுதான் வரும். அப்ப நான் லவ்வ சொன்னாலும் சிரிப்பீங்களா?”

“சிரிக்க மாட்டேன்.”

சட்டென்று வந்த அந்தப் பதிலில் அவள் வேகம் தடுமாறியது.

“ஒங்க கிட்ட எவ லவ்வ சொன்னா?”

“இல்லீங்க... பொதுவா சொன்னேன்.” அவன் காது மடல் சிவந்தது. “பேரு இளம்பரிதி. இங்கதான், கதிர்காமம். நீங்க நெஜமாவே கம்பு சுத்துவீங்களா?”

“சாயங்காலத்துல எங்க குப்பத்துக் கடக்கரைக்கு வாங்க. பொண்ணுங்களுக்குச் சொல்லித் தர்றேன்.”

“அடி வாங்கறதுக்கா?”

சிரித்துவிட்டாள். மழை இன்னும் கொஞ்ச நேரம் நிற்காமல் இருந்தால்தான் என்ன என்று தோன்றியது...

“ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்...” என்று அவன் தொடங்கியபோதே, அவன் நண்பன் முகிலன் வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தினான்.

“டேய் வசனகர்த்தா! ஒன் காமெடிக்கு விசில பாத்தியா? ஏறு!”

சுடர்விழியின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. கொட்டும் மழையில் இறங்கி நடந்தாள். பின்னாலிருந்து, “சுத்தமா நனைஞ்சிடுவீங்க...” என்ற குரல் கேட்டது. திரும்பவில்லை.

அதற்குப் பிறகு வந்த சாயங்காலங்கள்தான் அவளைப் பாடாய்ப் படுத்தின. படகு மறைவில் யார் நடந்தாலும் கை தானாகக் கம்பை நிறுத்தியது. வந்தால் விரட்ட வேண்டும்... ஆனால் வர வேண்டும். வராதவனை எப்படி விரட்டுவது? அவன் எழுதியதை வெறுக்க முடிந்தது. இமையில் நின்ற அந்தத் துளியை வெறுக்கத்தான் வழி தெரியவில்லை.

ஒரு நாள் வந்தே விட்டான். மணலில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

“இன்னா, அடுத்த படத்துக்குக் காமெடி பொறுக்க வந்தியா?”

“அடுத்த படம் இல்லீங்க. அந்த எடத்த மாத்தி எழுதிக் குடுத்தேன். ஜனம் சிரிக்குது, மாத்த முடியாதுன்னாங்க. அப்ப என் பேரை எடுத்துடுங்கன்னேன். என்னையே எடுத்துட்டாங்க.”

“எனக்கோசரமா? நான் கேட்டனா?”

“எங்கம்மாவுக்காக. அவங்களும் இப்படித்தான் பேசுவாங்க. அந்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போயி பக்கத்துல உக்கார வச்சேன். அந்த எடத்துல எல்லாரும் சிரிச்சாங்க... எங்கம்மா மட்டும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க.”

கம்பின் நுனி மெல்ல மணலில் தாழ்ந்தது.

“இதச் சொல்லத்தான் வந்தியா?”

“இல்ல.” கையிலிருந்த செருப்பை மணலில் போட்டான். “உன்னப் பாக்காம இருக்க முடியல சுடர். அன்னிக்கி மழையில நீ போனதுலேர்ந்து... எனக்கு வேற எதுவுமே ஓடல. உன்ன விரும்புறேன். அடிக்கணும்னா அடிச்சுட்டு பதில் சொல்லு.”

கடல் காற்று அவள் கூந்தலைக் கலைத்துப் போட்டது. நல்ல தமிழில் சொல்லலாம். பட்டப் படிப்பு அதற்குத்தானே? வேண்டாம்... என்று அவள் நெஞ்சு அடம்பிடித்தது.

“தோ பாரு. நீ வரலன்னு தெனமும் கோவத்துல செத்துக்கினு இருந்தேன். இப்ப வந்துட்டியேன்னும் கோவமாத்தான் கீது. ஒன்ன எனக்கு அவ்ளோ புடிச்சிக்கீதுடா...”

குரல் உடைந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். காதுகள் மட்டும் அந்தச் சத்தத்துக்காக, அந்த ஒரு சிரிப்புக்காகப் பயந்து காத்திருந்தன.

அலை வந்தது, போனது. கண்ணைத் திறந்தாள். அவன் கண்கள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை.

“எழுதுறவருக்கே வசனம் வரலியா?” என்று கேட்டுவிட்டு, அழுதுகொண்டே முதலில் சிரித்தவள் சுடர்விழிதான்.