டொமினிக் வாங்கிய கல் ரேடியோ

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஆஞ்சலாவின் வீட்டுக்கு யூஜின் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பழைய ரேடியோவைப் பார்த்ததும் அது எந்தக் காலத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவதில் மனிதர் கில்லாடி. அதற்காகத்தான் அவள் போன் பண்ணியிருந்தாள்.

“என் பையன் டொமினிக் சண்டே பஜார்ல வாங்கினது சார். எந்த வருஷத்துதுன்னு தெரிஞ்சுக்க அவ்ளோ ஆசைப்பட்டான். அதுக்குள்ள பைக் ஆக்சிடென்ட்ல போய்ட்டான்.”

சுவரில், படத்துக்குள் பையன் சிரித்துக்கொண்டிருந்தான். மெழுகுவத்தி அணைந்த வாசனை வீடெங்கும் நின்றது.

மேசையில் இருந்தது கிறிஸ்டல் ரேடியோ. அதற்குக் கரண்டும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். ஒரு கல், அதைத் தொடும் மெல்லிய கம்பி, ஒரு ஹெட்போன், அவ்வளவுதான். அலையைப் பிடித்துத் தரும் ஏரியல் ஒயர் எதிலும் மாட்டாமல் தொங்கியது. காயிலில் சுற்றியிருந்தது பருத்திநூல் போர்த்திய கம்பி. எபனைட் என்ற கெட்டி ரப்பர் பலகை பழுப்பேறியிருந்தது. கம்பெனி முத்திரை ஏதும் தெரிகிறதா என்று யூஜின் கல்லைக் கழற்றி, கட்டைவிரலால் ஒரு துடை துடைத்தார்.

அடப் பாவி மனுஷா. விரலின் எண்ணெய்ப் பசை பட்டால் கல் செவிடாகிவிடும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவர், ஆர்வக்கோளாறில் தானே தொட்டுவிட்டார்.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தஞ்சு வாக்குல செஞ்சது மேடம்,” என்றார், கல்லைத் திரும்ப மாட்டியபடி.

ஆஞ்சலாவின் முகம் மலர்ந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, “டொமினிக், இருபத்தஞ்சுல செஞ்சதாம் கண்ணா,” என்று மெல்லச் சொன்னாள்.

காத்திருந்தாள்.

கம்பியைக் கல்லின்மேல் அங்கும் இங்கும் நகர்த்திப் பார்த்தாள்.

“நேத்துகூடப் பேசினான் சார். தினமும் பேசுவான்.” அவள் குரல் உடைந்தது. “நீங்க என்ன பண்ணீங்க?”

யூஜின் தொங்கும் ஒயரைப் பார்த்தார். ஏரியல் மாட்டாத பெட்டியில் எந்த ஸ்டேஷன் வரும்? பெற்றவள் மனசு, பாவம். அவளைத் தேற்றலாம் என்றுதான் ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்தார்.

இரைச்சல்.

யாரோ மூச்சு வாங்கினார்கள்.

“அம்மா, நீ ஏன் பேச மாட்டேங்கற?”

 யூஜின் ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் வைத்தார். “ஒண்ணும் கேக்கலியே,” என்றாள். திரும்பத் தன் காதில் வைத்தார்.

“அம்மா, இருக்கியா? இங்க ஒரே இருட்டா இருக்கு.”

பையன் அழுதுகொண்டிருந்தான். தன் விரல் பட்ட கல் இனி தன் காதுக்கு மட்டும்தானா?

ஆஞ்சலா அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்களுக்குக் கேக்குதா சார்? என்ன சொல்றான்?”

இதைப் போய் ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? 

“நல்லா இருக்கானாம் மேடம். நீங்க அழக் கூடாதுன்னு சொல்றான்.”

அவள் தலையாட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

காதில் அழுகை சட்டென்று நின்றது.

“ஏன் அங்கிள் பொய் சொல்றீங்க?”